ஓடாத வண்டிக்கு வந்த நோட்டீசு

தென்காசி,
முத்தாரம்மன் கோயில் தெரு,
20-6-1944

அன்பு மிக்க அண்ணனுக்கு,

தங்கை முத்துவடிவு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அய்யா, நான், கோழிகள் எல்லாரும் சுகம். உங்கள் கடிதம் வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. எழுத நேரமில்லையென்றால் ஒரு கார்டில் 'சுகம்' என்று மட்டுமாவது எழுதிப் போடக் கூடாதா?

சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்கள் குறைவு. ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் மாட்டுவண்டியிலும் நடந்தும் குற்றாலம் போகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அய்யா, "பெருமாள் இருந்தா இந்நேரம் அஞ்சு நடை அடிச்சிருப்பான்" என்கிறார். முற்றத்தில் நிற்கும் நம் பஸ்ஸைத் தினமும் காலையில் துடைக்கிறார். பட்டாளத்துக்குப் போகும்போது நீங்கள் பானெட்டுக் கைப்பிடியில் முடிந்துவிட்டுப் போன மஞ்சள் துணி வெளுத்துவிட்டது. சொரிமுத்தையன் சாமிக்கு நேர்ந்தது, திரும்பி வந்து நீங்கள்தான் அவிழ்த்துத் திறக்க வேண்டும் என்று சொன்னதால் அந்த இடத்தில் மட்டும் அய்யா கை வைப்பதில்லை.

இப்போது அந்த பஸ்ஸுக்கு நோட்டீசு வந்திருக்கிறது. பஞ்சாயத்து போர்டார் புதிதாக விதி போட்டிருக்கிறார்கள். லைசென்சு இல்லாமல், ஓடாமல் கிடக்கும் மோட்டார் வண்டியைச் சொந்த மனையிலும் திறந்த வெளியில் வைத்திருக்கக் கூடாதாம். தண்ணீர் தேங்கிக் கொசு உண்டாகிறது, பாம்பு அடைகிறது என்று காரணம் எழுதியிருக்கிறது. நாற்பத்தைந்து நாளுக்குள் எடுக்காவிட்டால் போர்டாரே இழுத்துப் போய் ஏலம் போடுவார்கள்.

கொண்டுவந்த போர்டு இன்ஸ்பெக்டரிடம் அய்யா, "ஓடுத வண்டிய எவன்யா ஓடாத வண்டிங்கான்?" என்று சண்டைக்குப் போனார். அவர் நல்ல மனிதர். "அப்பம் ஓட்டிக் காட்டிருங்க அண்ணாச்சி. நோட்டீச நானே கிழிச்சிருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடையநல்லூர் மெக்கானிக் பரீது அண்ணனைக் கூட்டிவந்து கிளப்பப் போவதாக அய்யா சொல்லிக்கொண்டிருக்கிறார். நேர்ச்சை இருக்கிறதே, என்ன செய்யலாம் என்று எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏசாதீர்கள். போன மாதம் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய் மைனி, கொழும்பிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கச் சொல்லி வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இருவரும் பஸ்ஸுக்குள் ஓடினோம். மைனி உள்ளே உட்கார, நான் உங்கள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். மனுஷர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராதென்று உங்களுக்குத் தெரியும். ஆறாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பிவிட்டால் அழுதுவிடுவேன். அன்றைக்கு எதிரே கண்ணாடியும் மழையும்தான் இருந்தன. கணீரென்று படித்தேன். இப்போது தெருவில் ஏழெட்டுப் பெண்கள் கடிதத்தோடு வருகிறார்கள். அவர்கள் பின்னால் உட்காருவார்கள், நான் முன்னால் பார்த்துப் படிப்பேன், பதிலும் எழுதிக் கொடுப்பேன். பஸ் போய்விட்டால் எனக்கு அந்தக் குரலும் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கை முத்துவடிவு


இடம் எழுத அனுமதி இல்லை,
1-7-1944

அருமைத் தங்கை முத்துவடிவுக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். சுகமாக இருக்கிறேன். லாரி ஓட்டுகிறேன், ரொட்டி தின்கிறேன். இங்கேயும் மழைதான், ஆனால் குளிக்க அருவி இல்லை.

அய்யாவுக்குப் படித்துச் சொல்: வண்டிக்கு ஒன்றும் இல்லை. நான் வந்து ஹாண்டிலைப் போட்டால் ஒரு சுற்றிலே கிளம்பிவிடும். ஆனால் நேர்ச்சையை இடையில் அவிழ்க்கக் கூடாது. பரீதைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அவனுக்கு வேலை அதிகம். இன்ஸ்பெக்டரிடம் பட்டாளத்துக்காரன் வண்டி என்று சொல்லித் தவணை கேட்கட்டும்.

நீ டிரைவர் சீட்டில் உட்காருவதற்கு எனக்கு வருத்தமில்லை. குருவம்மாள் பெரியம்மையை மட்டும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஜன்னலோரம் உட்காரவிடாதே.

அண்ணன்,
சிவனணைந்தபெருமாள்


தென்காசி,
10-7-1944

அன்பு மிக்க அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. 'ஒரு சுற்றிலே கிளம்பிவிடும்' என்ற வரியை அய்யாவுக்கு இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவையும் கேட்டார். உலை கொதிக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

காரணம் இதுதான். கடிதம் வருவதற்கு முந்தின நாள் நம் கருப்புக் கோழியைக் காணவில்லை. தேடினால் பஸ்ஸுக்கு அடியிலிருந்து சத்தம். ஊர்ந்து போய் அண்ணாந்து பார்த்தேன். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில், குறுக்குக் கம்பிமேல் வைக்கோல் பரப்பி அது அடைகாத்துக்கொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. துணியை நான் தொடவில்லை, பானெட்டைத் திறக்கவுமில்லை. கீழேயிருந்து பார்த்ததோடு சரி.

எஞ்சின் எங்கே அண்ணா?

அய்யா மூன்று தடவை கடையநல்லூர் போய்விட்டார். ஒரு தடவை பரீது அண்ணனுக்குக் காய்ச்சல், ஒரு தடவை சுளுக்கு, ஒரு தடவை ஆளே இல்லை. "இவனுக்கு என்னட்டி வந்துச்சு, முகத்துக்கு முகம் பாக்க மாட்டேங்கான்" என்று அய்யா வருத்தப்படுகிறார். வாழைத் தோட்டத்தை விற்று வாங்கிய வண்டி. தவணை முடிய இருபத்தைந்து நாள்தான் இருக்கிறது. அய்யாவுக்கு வருகிற கடிதத்தை நான்தான் படிக்க வேண்டும். பொய்யென்று தெரிந்த பிறகு அந்த வரியைப் படிக்க எனக்குக் கூடவில்லை.

கோபமில்லை. கோழி பதினோரு முட்டையில் இருக்கிறது.

தங்கை முத்துவடிவு


19-7-1944

அருமைத் தங்கைக்கு,

உன்னிடம் மறைத்தது தப்பு. இதை அய்யாவுக்கு அப்படியே படி.

அய்யா, பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓட்டிய காலத்தில், பழைய குற்றாலம் ஏற்றத்தில் வைத்து எஞ்சின் வெடித்துவிட்டது. ஒட்டவைக்க முடியாது என்று பரீது சொன்னான். நீங்களும் முத்துவடிவும் சங்கரன்கோவிலுக்கு ஆடித்தபசுக்குப் போயிருந்த மூன்று நாளில் நானும் அவனும் வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்து, எஞ்சினை இறக்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். தோட்டத்தை விற்ற உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓட்ட வண்டியில்லாமல்தான் பட்டாளத்தில் சேர்ந்தேன். நீங்கள் திறந்துவிடக் கூடாதென்று சாமி பேரில் துணி முடிந்தேன். அந்தப் பாவம் என்னைச் சேரட்டும். பரீதை ஏச வேண்டாம். வண்டியைப் போர்டாருக்கே விட்டுவிடுங்கள்.

முத்துவடிவு, உன் இடம் போகிறதே என்றுதான் எனக்குக் கஷ்டம்.

பெருமாள்


தென்காசி,
6-8-1944

அன்பு மிக்க அண்ணனுக்கு,

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை ஒரு நாள் மடியிலேயே வைத்திருந்தேன். மறுநாள் அய்யாவை பஸ்ஸுக்குள் வந்து உட்காரச் சொன்னேன். "எந்த சீட்டுட்டி?" என்றார். எங்கேயாவது என்றேன். கடைசி வரிசைக்குப் போனார். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை விடாமல் படித்தேன். நடுவில் நிறுத்தவில்லை.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பிறகு அய்யா, "எங்கன வச்சு வெடிச்சதுன்னு போட்டிருக்கான்?" என்றார். அந்த இடத்தைத் திரும்பப் படித்தேன்.

"அந்த ஏத்தத்துல எந்த எஞ்சின்தான் தாங்கும். வெறும் காடுல்லா அது. ஒத்தையில நின்னு என்ன பாடு பட்டானோ, கூறுகெட்ட பய" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அன்று பஸ்ஸைத் துடைக்கவில்லை. சோறும் வேண்டாம் என்றார்.

மறுநாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போர்டுக்குப் போனார். அங்கே இருந்த தங்கத்தாய் மைனியின் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"வண்டி ஓடாது சார். எஞ்சினே கிடையாது" என்றாராம்.

"அப்பம் எடுத்திரலாமா அண்ணாச்சி?"

"எடுக்க முடியாது. அதுல எம்மக உக்காந்திருக்கா."

எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்காமல், சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றாராம்.

வந்தார். அப்போது பஸ்ஸுக்குள் ஐந்து பெண்கள் கடிதத்தோடு இருந்தார்கள். குருவம்மாள் பெரியம்மை நகர்ந்து, "உக்காருங்க ஐயா, டிக்கெட்டு கிடையாது" என்றாள். அவர் நோட்டீசை என்னிடம் நீட்டி, விதி நாலாவதைப் படிம்மா என்றார். முன்னால் பார்த்துக்கொண்டு படித்தேன். மேலே கூரையும் சுற்றிலும் அடைப்பும் உள்ள கொட்டகைக்குள் இருக்கும் வண்டிக்கு இந்த விதி இல்லை என்று இருந்தது. இத்தனை நாளாக நானே அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். "தவணைக்குள்ள கொட்டகை போட்டிருங்க. தண்ணி தேங்கப்பிடாது" என்று சொல்லி இறங்கினார்.

பெண்களே ஓலை கொண்டுவந்தார்கள். பரீது அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வந்து நாலு கால் நட்டார். அய்யா அவருக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார், பேசவில்லை. இரண்டாவது நாள் கயிற்றை இறுக்கிக் கட்டவில்லை என்று அவரை ஏசினார், அப்புறம் சரியாகிவிட்டது. மஞ்சள் துணியை அவிழ்க்கட்டுமா என்று கேட்டேன். "அவன் பொய்யாத்தான் முடிஞ்சான். சாமி மெய்யாத்தான எடுத்திருக்கும். கெடக்கட்டும்" என்றார்.

தவணைக்குள் கொட்டகை முடிந்தது. உள்ளே கொஞ்சம் இருட்டு. ஆனாலும் எழுத்து தெரிகிறது. குஞ்சுகள் ஒன்பது.

நேற்று அய்யா, "மறச்சதுக்கு அவன நல்லா ஏசி ஒரு காயிதம் எழுதணும், பேனாவ எடு" என்றார். எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என்ன ஏச வேண்டும், சொல்லுங்கள் என்றேன். குஞ்சுகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். "நேரத்துக்குத் திங்கானான்னு கேளு" என்றார்.

கேட்டிருக்கிறேன். பதில் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கை முத்துவடிவு