ஈயச் சட்டியில் வறுத்த கொல்லாங்கொட்டை

ஆரியங்கோட்டுக்காரிக்கு,

இன்று காலை பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது ஒரு வீட்டு முற்றத்தில் கொல்லாங்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார்கள், முந்திரியைத் தோட்டோடு போட்டு. அந்தப் புகை உனக்குத் தெரியும். கண் கரிக்கும், தொண்டையைப் பிடிக்கும், ஆனாலும் அந்த இடத்தை விட்டு நகர மனம் வராது. வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தேன். வறுத்துக்கொண்டிருந்த பெண், "வேணுமா அம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, "அந்தச் சட்டியில வேற என்னவெல்லாம் போடுவிய?" என்று கேட்டேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "இதுக்குன்னே வச்சிருக்க சட்டியாக்கும்" என்றாள். வழியில் போகிற கிழவிக்கு என் சட்டியைப் பற்றி என்ன விசாரம் என்று நினைத்திருப்பாள். உன்னால் எனக்கு வந்த கெட்ட பெயர்களில் இதையும் சேர்த்துக்கொள்.

நீ எங்கள் பொழியூருக்கு நர்ஸாக மாற்றலாகி வந்தது தொண்ணூறுகளின் நடுவில். கையில் குடை, தோளில் தடுப்பூசிப் பெட்டி, செருப்புக்குள் மணல் புகுந்ததற்கு முகத்தில் ஒரு சுளிப்பு. ரப்பர்த் தோட்டத்துக்காரிக்குக் கடற்கரை பிடிக்கவில்லை என்று முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. மீன் வாடைக்கு மூக்கைப் பொத்தினாய். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மதியம் என் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் நெத்திலிக் குழம்பும் வைத்தபோது தட்டை வழித்துச் சாப்பிட்டாய். மூக்கைப் பொத்துகிறவள் நாக்கைப் பொத்தவில்லையே என்று கேலி செய்தேன். "நாக்குக்கு அறிவு உண்டு மக்கா" என்றாய். அன்றிலிருந்து ஊருக்கு நீ சிஸ்டர், எனக்கு எடி.

எங்கள் வீட்டுத் தொழிலை நீ பார்த்ததுண்டு. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போவார். நான் வலைக்கு ஈயக்குண்டு வார்ப்பேன். வலையின் அடிக்கயிற்றில் வரிசையாகக் குண்டு கோத்தால்தான் வலை தண்ணீரில் தாழும். எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் பெண்களுக்கு இதுதான் வேலை. பழைய சாமான் வாங்கி விற்கும் ஆக்கர்காரர் சைக்கிளில் சாக்குச் சாக்காகப் பழைய ஈயம் கொண்டுவருவார். லாரி பேட்டரியை உடைத்தெடுத்த தகடுகள் பாதி. மீதி, வடக்கே துப்பாக்கி சுட்டுப் பழகும் மேட்டில் மண்ணைச் சலித்துப் பொறுக்கிய குண்டுகள். அந்தக் குண்டுகள் மண்மேட்டில் மோதித் தலை நசுங்கி, குட்டிக் குடை மாதிரி இருக்கும். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கிடையாது. என் ஜாஸ்மினுக்கு அப்போது நாலு வயது. எந்நேரமும் கன்னத்துக்குள் ஒன்றை அடக்கி வைத்திருப்பாள். அவளுடைய அப்பாவிடமிருந்து பழகியதுதான். கயிற்றில் குண்டு கோக்கும்போது அவரும் ஒரு பிடிக் குண்டை வாயில் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பல்லால் கடித்து நெரிப்பார். நீ ஒருமுறை கேட்டதற்கு, "கடலுல ரெண்டு கையும் வலைக்குப் போச்சு. மூணாவது கை வாயாக்கும்" என்றார். நீயும் சிரித்தாய்.

அடுக்களைப் பின்வாசலில், கிணற்றுக்குப் பக்கத்தில் அடுப்பு. அதன்மேல் ஒரு பழைய இரும்புச் சட்டி. உருகிய ஈயத்தின் மேலே படியும் சாம்பல்நிற ஆடையைக் கரண்டியால் வழித்து மண்ணில் தட்டிவிடுவேன். அது காய்ந்து தூளாகிக் காற்றில் போகும். யார் அதைக் கவனித்தார்கள்?

ஜாஸ்மின் வெளுத்துக்கொண்டே வந்தாள். வயிற்றுவலி என்று சுருண்டு படுப்பாள். வெளிக்குப் போகமாட்டாள். சும்மா இருக்கும்போதே எரிச்சல்பட்டு அழுவாள். இவையெல்லாம் பிள்ளைகளுக்கு வருவதுதான். ஆனால் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் தெரிந்த வார்த்தைகளைத் தேட ஆரம்பித்தாளே, அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. கடலைக் கையால் காட்டி, பெயர் வராமல் நின்றாள். கடற்கரையில் பிறந்த பிள்ளை.

நீ பூச்சி மாத்திரை கொடுத்தாய். ஒரு பூச்சியும் வரவில்லை. இரும்புச்சத்து டானிக் கொடுத்தாய். குடித்தாள், வெளுப்பு மாறவில்லை. மறுபடியும் பூச்சி மாத்திரை. என் மாமியார் மாதாவுக்கு நேர்ச்சை வைத்தார்கள். நீ வைத்தியம் பார்த்தாய், அவர்கள் ஜெபம் பார்த்தார்கள், பிள்ளை அப்படியேதான் இருந்தாள்.

பிறகு அந்தக் கோடை. உன் வீட்டைச் சுற்றிய புரையிடத்தில் மரத்திலிருந்து விழுந்தது என்று ஒரு பை நிறையக் கொல்லாங்கொட்டை கொண்டுவந்தாய். தோட்டின் எண்ணெய் தீப்பிடித்துக் கரியும் என்பதால் நம்முடைய பக்கத்தில் யாரும் அதை நல்ல பாத்திரத்தில் வறுக்கமாட்டார்கள். வீட்டிலேயே மிக மோசமான சட்டியைத்தான் எடுப்பார்கள். என் வீட்டில் மிக மோசமான சட்டி எது? ஈயச் சட்டி. அதில்தான் ஒவ்வொரு வருடமும் வறுப்பேன். அன்றும் அதைத்தான் அடுப்பில் வைத்தேன். தோடு தீப்பிடித்து எரிந்ததும் மண்ணில் கொட்டித் தட்டி, பருப்பை உன் கையிலும் பிள்ளை கையிலும் போட்டேன். நீ பாதிப் பையைத் தின்ற பிறகுதான் சட்டியின் விளிம்பைப் பார்த்தாய். "இதென்ன, வெள்ளையா ஒட்டியிருக்கு?"

"ஈயம். உருக்குத சட்டியாக்கும்."

"ஓ" என்றாய். இன்னும் ரெண்டு பருப்பை வாயில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாய்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உனக்கு உன் சபை, எனக்கு என் பூசை. நாங்கள் பூசை முடிந்து வரும்போது நீ என் வாசலில் நிற்கிறாய். தலைகூடச் சரியாக வாரவில்லை. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, விடிந்ததும் நெய்யாற்றின்கரையில் உனக்குத் தெரிந்த ஒரு டாக்டரின் வீட்டுக் கதவைத் தட்டியதாகச் சொன்னாய்.

"வயித்துவலியா?" என்று கேட்டேன்.

"வலியொண்ணும் இல்ல, பேடியாக்கும், பயந்துபோட்டேன். ஈயச் சட்டியில வறுத்தத தின்னுபோட்டேன், எனக்கு என்னெங்கிலும் வருமான்னு கேக்கத்தான் போனேன். அவரு சொன்னாரு, உனக்கு ஒருநாள் தின்னதுல ஒண்ணும் வராது, அந்த வீட்டுல சின்னப் பிள்ளை உண்டான்னு கேட்டாரு." ஜாஸ்மினைப் பார்த்தாய். பிறகு சொன்னாய்: "மக்கா, நான் பூச்சின்னு நெனச்சேன். அது பூச்சியில்ல. நான் தப்பாச் சொல்லிப்போட்டேன்."

எனக்குத் தெரிந்து எந்த நர்ஸும், எந்த டாக்டரும், எந்தச் சாமியாரும் வாசலில் வந்து நின்று, தான் சொன்னது தப்பு என்று சொன்னதில்லை. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் உன்னை நினைத்தால் முதலில் அந்த வாசல்தான் கண்ணில் வருகிறது.

ஆனால் அப்போது நான் என்ன செய்தேன்? ஏசினேன். புகை, தூள், பிள்ளையின் கை, வாயிலிருக்கும் குண்டு, எல்லா வழியிலும் ஈயம் உள்ளே போகிறது, மூளையையும் ரத்தத்தையும் கெடுக்கிறது என்று நீ சொல்லச் சொல்ல எனக்குத் தலைக்கேறியது. "எனக்க கையால எனக்க பிள்ளைக்கு நஞ்சு குடுத்தேன்னா சொல்லுத?" என்று கத்தினேன். அதற்கு இப்போதும் வெட்கப்படமாட்டேன். எந்தத் தாயும் கத்துவாள். நீ பதிலுக்குக் கத்தவில்லை. நகரவும் இல்லை.

ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்கவேண்டியிருந்தது. முடிவு வர நாளாகும். அதுவரை காத்திருக்கக் கூடாது, இந்த வீட்டு மண்ணிலேயே ஈயம் கிடக்கிறது, பிள்ளையை இங்கிருந்து மாற்றவேண்டும் என்றாய். எங்கே மாற்றுவது? என் சொந்தக்காரர்கள் எல்லோரும் அதே கடற்கரை, அதே அடுப்பு. "எனக்க வீட்டுக்குக் கொண்டுபோறேன். பள்ளிக்கூடம் திறக்கும்போ கொண்டுவாறேன்" என்றாய். என் மாமியார் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மிஷன் சபைக்காரி வீட்டில் பிள்ளை வளர்ந்தால் செபமாலையை மறந்துவிடும் என்பது அவர்கள் கவலை. எனக்கு அந்தக் கவலை இல்லை. என்னை மறந்துவிடுமோ என்பதுதான். அவர்தான் முடிவெடுத்தார். பிள்ளையின் வாய்க்குள் விரலைவிட்டு அந்தக் குண்டை எடுத்தார், கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், பிறகு, "கொண்டு போங்க சிஸ்டரே" என்றார். மாமியார் தன் கழுத்துச் செபமாலையைக் கழற்றிப் பிள்ளைக்குப் போட்டு அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிறு ரெண்டு பஸ் மாறி ஆரியங்கோட்டுக்கு வந்தேன். மடியில் மீன் பொதி, கண்டக்டரின் முணுமுணுப்பு வழிநெடுக. வாசலில் ஜாஸ்மின் என்னைப் பார்த்து ஓடிவந்தாள். நீ குறுக்கே வந்து அவளைத் தூக்கிக்கொண்டாய். "முதல்ல குளி. தலையும் சேத்துக் குளி. துணிய மாத்து. பெறகு தொடு." பெற்ற பிள்ளையைத் தொட எனக்கு உன் அனுமதி வேண்டியிருந்தது. உன் கிணற்றடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு அழுதேன். அழுதது உன்மேல் இருந்த ஆத்திரத்தில்தான். உன் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நீ பிள்ளையை என் கையில் தந்துவிட்டு, திரும்பியே பார்க்காமல் மீன் கழுவப் போனாய். நீயும் அழுதிருந்தாய் என்பது உன் கழுத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது.

மழை தொடங்குவதற்கு முன்பே அவள் வயிற்றைப் பிடிப்பது நின்றது. முட்டை, பால், கீரை என்று அடைத்துத் தள்ளினாய். காய வைத்த ரப்பர் ஷீட்டுகளைக் கைநீட்டி எண்ணத் தொடங்கினாள். தப்புத்தப்பாகத்தான், ஆனால் எண்ணினாள். முடிவு வந்தபோது டாக்டர் பயந்த அளவுக்கு ஈயம் இருந்தது உண்மைதான். அதற்குள் பாதி வேலையை நீ முடித்துவிட்டிருந்தாய். ஊருக்குத் திரும்பியபோது உங்கள் சபைப் பாட்டு ஒன்றை முழுதாகப் பாடினாள். மாமியார் கேட்டுவிட்டு, "பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு அவர்களிடமிருந்து எனக்கே கிடைத்ததில்லை.

அதற்குள் இங்கேயும் மாறியிருந்தது. பின்வாசல் மண்ணை அவர் வெட்டியெடுத்துக் குழி தோண்டிப் புதைத்தார். வீட்டைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கக் கற்றுக்கொண்டேன். உருக்கும் வேலை வீடுகளை விட்டு, காற்று கடல்பக்கம் போகும் ஒரு கோடிக்குப் போனது. பிள்ளைகளை அங்கே விடுவதில்லை. அவர் வாய்க்குப் பதிலாகக் கழுத்தில் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கட்டித் தொங்கவிட்டு அதில் குண்டுகளைப் போட்டுக்கொண்டார். ஊரே சிரித்தது. அடுத்த சீசனில் சிரித்தவர்கள் கழுத்திலும் சிரட்டை தொங்கியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஜாஸ்மினுக்குக் கணக்கு கடைசிவரை வரவில்லை. அது ஈயத்தாலா, என் குடும்பத்து மூளையாலா என்று உன்னைக் கேட்டபோது, தெரியாது என்றாய். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல உனக்கு எப்போதும் கூச்சமே இருந்ததில்லை. தையல் படித்தாள். பாறசாலையில் கடை வைத்திருக்கிறாள். கல்யாணமாகி, உண்டாகியிருக்கிறாள் என்று உனக்குப் போன் செய்தபோது நீ வாழ்த்துச் சொல்லவில்லை. "ரத்தம் எடுத்துப் பாத்தியளா?" என்றுதான் கேட்டாய். எலும்பில் போய்த் தங்கிய ஈயம் எத்தனையோ வருடம் அங்கேயே இருக்கும், பிள்ளை உண்டாகும்போது எலும்பு கரைந்தால் அதுவும் சேர்ந்து ரத்தத்துக்கு வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நீ ரிட்டயராகி எவ்வளவோ காலமாகியிருந்தது. நெஞ்சுவலிக்கு மருந்து தின்றுகொண்டிருந்தாய். ஆனாலும் வாரம் தவறாமல் அவளுக்குப் போன். பால் குடிச்சியா, சுண்ணாம்புச்சத்து மாத்திரை போட்டியா. அவள் என்னிடம் பொய் சொல்வாள், உன்னிடம் சொல்லமாட்டாள்.

பேரன் பிறந்தான். முதுகில் ஒரு மச்சம், அழுதால் தொண்டையில் ஒரு கடல். உன் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மடியில் வைத்துக்கொண்டாய். தவழத் தொடங்கியதும் அவனுக்கும் ஒருமுறை ரத்தம் பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பினாய். எடுத்துக் கொடுத்தோம். முடிவு வருவதற்கு முன் உன் தங்கை போன் செய்து, நீ போய்விட்டாய் என்றாள்.

உன் சபைக் கல்லறைத் தோட்டத்தில் நான் அழவில்லை. எனக்கு ஆத்திரமாக இருந்தது. ரெண்டு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா?

அந்த முடிவு இன்றுதான் வந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், கேள். டாக்டர் சின்னப் பெண். பார்த்துவிட்டு, "பேடிக்கான் ஒண்ணுமில்ல, நல்லா இருக்கான்" என்றாள். ஜாஸ்மின் வராந்தாவில் அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள். எனக்கு உன் பெயரைச் சத்தமாகச் சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்லவும் செய்தேன். பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜாஸ்மின் கேட்டாள்: "இனி வரண்டாம் இல்லியா அம்மா?"

"நடக்கத் தொடங்கட்டு மக்கா. அப்பம் ஒருக்கா கூடி எடுத்துப் பாப்போம்."

"டாக்டரு நல்லா இருக்கான்னு சொல்லியாச்சுல்லா?" என்று என்னை முறைத்தாள். நான் பேரனை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்தமுறை எப்போது வரவேண்டும் என்று கேட்க டாக்டரின் அறைக்குள் திரும்பிப் போனேன்.