கத்தி தீட்டும் பட்டை

அன்புள்ள வாலுக்கு,

உலகத்தோர் அனைவரும் கைவேலையைப் போட்டுவிட்டு எழுந்து நிற்கவும். நம் பட்டறைப் பூனை என் இடது கால் பூட்ஸுக்குள் குட்டி போட்டிருக்கிறது. தாயும் சேய்களும் நலம். பூட்ஸ் நலமில்லை. தோல் பட்டறையில் ஒற்றைக்காலில் செருப்பில்லாமல் பவனி வரும் ஒரே மகாராஜா உன் அண்ணன்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்னை இங்கே அனுப்பச் சொல்லிச் சித்தப்பா அம்மாவிடம் கேட்டதாகவும், நீ பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு மூட்டை கட்டுவதாகவும் எழுதியிருக்கிறாய். "வர்றதுக்கு முன்னாடி என்னென்ன தெரிஞ்சிருக்கணும்?" என்று வேறு கேட்டிருக்கிறாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய்.

முதலில் தோலைத் தடவிப் பார். வழவழப்பாக இருப்பது முகம், பிசிர் பிசிராக இருப்பது முதுகு. வெட்டுவதற்கான கோட்டை முதுகில்தான் போட வேண்டும். முகத்தில் போட்ட கோடு சாகும்வரை போகாது. வந்த புதிதில் நான் ஒரு பையின் முகத்தில் பேனாவால் கோடு போட்டேன். சித்தப்பா என் முதுகில் கோடு போட்டார். விதியை மீறாத மனிதர்.

வெட்டும்போது இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடி. விரல் கத்தியின் பாதைக்கு வரவே கூடாது. ஒரே இழுப்பில் அறுக்காமல் இரண்டு மூன்று தடவையாக மெல்ல இழு. மொட்டைக் கத்திதான் வழுக்கிக்கொண்டு போய்க் கையைப் பதம் பார்க்கும். அதனால் அடிக்கடி தீட்ட வேண்டும். தீட்டுவதற்கென்று கதவருகே ஆணியில் ஒரு தோல்பட்டை தொங்குகிறது. அதில் கத்தி ஏறி இறங்குவதைவிட, அது எங்கள் மேல் ஏறி இறங்குவதுதான் அதிகம்.

தையல் வேலை குண்டூசி அண்ணனுடையது. ஆளைப் பார்த்தால் பேரின் காரணம் புரியும். தைக்கிற ஊசியால் தோலைக் குத்தி மல்லுக்கட்டக் கூடாது என்பார். குத்தூசியால் முதலில் துளை போட்டுக்கொள்ள வேண்டும், நூலுக்கு மெழுகு தேய்க்க வேண்டும். துளை கோணினால் தையல் கோணும். தையல் கோணினால் சித்தப்பாவின் வாய் கோணும். "தோலை உரிச்சுத் தொங்கவிட்டுருவேன்டா" என்பார். ஊரில் மற்றவர்கள் சொன்னால் அது பேச்சு. தோல் பட்டறைக்காரர் சொன்னால் அது வேலைத்திட்டம். போன வாரம் சுத்தியல் பறந்தது. குண்டூசி அண்ணன் குனிந்ததால் சுவருக்கு மட்டும் மண்டை உடைந்தது.

நானா பயப்படுகிற ஆள்? ஒருநாள் அவர் வீசிய பட்டையைப் பாதியிலேயே பிடித்துவிட்டேன். "இன்னொரு தடவை ஓங்கினீங்க, நடக்கிறதே வேற" என்றேன். மனிதர் வெலவெலத்துப் போனார்.

பராமரிப்பையும் கேட்டுக்கொள். தோல் நனைந்தால் துணியால் ஒற்றி எடுத்து நிழலில் காயப்போடு. எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவு, குளிப்பாட்டாதே. பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும். ஈரத்தோலை மட்டும் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே, வெடித்து வீணாகிவிடும் என்று சித்தப்பாவே சொன்னார்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவர் தோல் வாங்கப் போயிருந்தபோது, அந்தப் பட்டையைக் கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து அடுப்புக்கு மேலே காயவைத்தேன். அடுத்த தடவை வீசும்போது பட்டை இரண்டாக ஒடியும், பட்டறையே சிரிக்கும் என்பது என் திட்டம்.

அது ஒடியவில்லை, தம்பி. சுருங்கி, மரக்கட்டையாக இறுகிவிட்டது. சித்தப்பா அதை மேசையில் தட்டிப் பார்த்து, "இப்பத்தான்டா இதுக்கு உயிர் வந்திருக்கு" என்று சிரித்தார்.

மறுநாள் நான் போட்ட துளை கோணிவிட்டது. அவர் ஓங்கினார். "சின்னப் பையன், விடுங்க முதலாளி" என்று குண்டூசி அண்ணன் குறுக்கே கையை நீட்டினார். காய்ந்த சுள்ளி முறிவது போல ஒரு சத்தம். பிறகும் சித்தப்பா நிறுத்தவில்லை. தைத்து முடித்த பையின் முகமெல்லாம் ரத்தம். எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அண்ணனின் வலது கையில் மூன்று விரல்கள் இனி ஊசி பிடிக்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

சித்தப்பா உன்னைக் கூப்பிடுவது குண்டூசி அண்ணன் உட்கார்ந்து தைத்த அந்த முக்காலிக்குத்தான்.

பட்டையைப் பிடித்ததாக மேலே எழுதினேனே, அது பொய். அவர் ஆணிப் பக்கம் திரும்பினாலே நான் வெட்டு மேசைக்கு அடியில் இருப்பேன். குண்டூசி அண்ணன் கை நீட்டியபோதும் அங்கேதான் ஒளிந்துகொண்டேன். எனக்கு விழ வேண்டிய மிச்ச அடியையும் அவரே வாங்கினார். வெந்நீர் விஷயம் அவருக்குத் தெரியாது. கட்டுப் போட்ட கையோடு, "உனக்கு ஒண்ணும் படலையேடா?" என்று என்னைக் கேட்கிறார். இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வராதே. தோல் பட்டால் உடம்பெல்லாம் தடிக்கிறது என்று அம்மாவிடம் சொல். நம்பாவிட்டால் சொரிந்து சிவக்க வைத்துக் காட்டு. அதுவும் பலிக்காவிட்டால் இந்தக் கடிதத்தையே கொடுத்துவிடு. நான் ஒளிந்துகொண்ட இடத்தை மட்டும் மை கொட்டி அழித்துவிடு. அம்மா என்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கடைசி பெஞ்சிலாவது உட்கார்ந்து படி. நூறு வயது நன்றாக இரு, அங்கேயே இரு.

இப்படிக்கு,
மேசைக்கடி அண்ணன்