நான் திருத்திக் கொடுத்த பதிவு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே உயிரோடும் உடலோடும் இருக்கிறோம். நீயும் மருமகனும் குறைவின்றி இருப்பீர்களென நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லத் துணியாததை எழுதுகிறேன், உட்கார்ந்து படி. உன் மருத்துவமனையில் உன் தம்பிக்காகச் சொல்லிவைத்த ஆய்வக வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடச் சொல். அவன்மீது அவதூறு வழக்கு பதிவாகியுள்ளது. அது முடியும்வரை, அங்கே வேலைக்கு வர வேண்டிய காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கிடைக்காது, முடிய ஆண்டுகள் ஆகும் என்கிறார் வக்கீல்.

இரண்டு மாதங்களுக்கு முன் அப்பா இரத்த அழுத்த மாத்திரை விழுங்கிய சற்று நேரத்தில் மயங்கி விழுந்தார் (தேறிவிட்டார், அஞ்சாதே). அட்டையில் தேதி அச்சிட்ட ஓரம் கிழிந்திருந்தது. தம்பி முகநூலில் போட, மாத்திரை வாங்கிய மருந்துக் கடையின் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி, இதைக் கொஞ்சம் பாரும்மா என்று நீட்டினான். "தேதி முடிஞ்ச மாத்திரையோன்னு சந்தேகமா இருக்கு, வேற யாருக்காச்சும் இப்படி ஆச்சா?" அவ்வளவுதான் அவன் எழுதியது. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் படித்தே எழுதப் பழகியவள் நான். இத்தெருவின் மனுக்கள் அனைத்தும் என் கையால் எழுந்தவை என்னும் செருக்கு எனக்குண்டு, நீ அறிவாய். சந்தேகம் கோழையின் சொல் என்று அதை அடித்துவிட்டு, "காலாவதியான மருந்தை அறிந்தே விற்று மக்களின் உயிரோடு விளையாடும் இக்கடையைப் புறக்கணிப்பீர்" என்று எழுதிக் கொடுத்தேன். ரொம்பக் காட்டமா இருக்கேம்மா என்றான். கேட்டேனா? மூன்றே நாளில் ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்தனர். பிறகு மருந்து ஆய்வாளர் வந்து, அட்டையின் தொகுதி எண்ணைக் கடையின் கணக்கோடு ஒப்பிட்டு, அந்த மாத்திரை காலாவதியாக இன்னும் எட்டு மாதம் உண்டென்று எழுதிக் கொடுத்தார். அப்பா இரண்டு வேளை மாத்திரையை ஒருசேர விழுங்கியிருக்கிறார், அதை அவரே பிற்பாடுதான் சொன்னார்.

மருந்துக் கடைக்காரரிடம் போய் நின்றேன். கடையில் ஈ காக்கை இல்லை. "உங்க பையன் இப்படிப் பேசுற ஆளில்லையேக்கா. என் லைசென்ஸுக்கு நீங்க எழுதிக் கொடுத்த மனு மாதிரியே இருக்கேன்னு அன்னைக்கே நெனச்சேன்" என்றார். வழக்கைத் திரும்பப் பெறும்படி மன்றாடினேன். "நீங்க எழுதினதை ஊர் மறக்கட்டும், அப்புறம் நானும் மறக்குறேன்" என்று ஷட்டரை இறக்கிவிட்டார்.

எழுதியவள் நானே என்று நீதிமன்றத்தில் சொல்லப் புறப்பட்டேன். "நீங்க சொன்னா குற்றவாளி ரெண்டு பேர் ஆவாங்கம்மா, ஒருத்தர்கூடக் குறைய மாட்டாங்க. போட்டது அவன்தானே?" என்றார் வக்கீல். தம்பியோ ஒவ்வொரு சொல்லும் தன்னுடையதென்று காவல் நிலையத்தில் கையெழுத்திட்டுவிட்டான். அவன் இரத்தம் எடுக்கும் வேலை பார்த்துவந்த பரிசோதனைக் கூடத்திலும், வழக்கு முடியட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். நேற்று அவன் கடைக்காரருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். பழக்கத்தில் கையை நீட்டினேன். வேணாம்மா, இது இப்படியே இருக்கட்டும் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். குரலில் கோபமில்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அக்கடிதமும் எடுபடாதென்று வக்கீல் என்னிடம் மட்டும் சொன்னார்.

தம்பிக்குப் பரிந்து நீ எங்கும் ஒரு வரியும் பதிவிடாதே, இதை மறவாதே. வேளைக்கு உண்டு, உடலைப் பேணி, இருவரும் நீடு வாழ்வீர்களாக. இன்னுமொன்று. உன்னிடம் வருவதற்காக அவன் வாங்கிய பெட்டி கட்டிலுக்கடியில் அடுக்கியபடியே இருக்கிறது. அந்த வேலை இனி இல்லையென்பதை நீயே அவனிடம் சொல். நான் சொன்னால் அதையும் அழகாகச் சொல்லிவிடுவேன்.

உன் நலமே நாடும்,
அம்மா