முதல் வரியில் ஒரு ‘வாங்க’

பிப்ரவரி 11
நான் பார்த்துக்கொள்ளும் எங்கள் கம்பெனி சர்வருக்குள் நுழைந்தால் வெறும் கருப்புத் திரைதான். பம்ப் வரைபடம் போடும் கலீல் ரஹ்மான் அண்ணன் இன்று சிரித்துக்கொண்டே கேட்டார்: “ஏனுங்க செல்வி, ஊட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு ஒரு வார்த்தை கூப்புட மாட்டீங்களா?”

கேட்டபிறகு சும்மா இருக்க முடியுமா? எல்லோரும் நுழையும் பொதுக் கணக்கில், நுழைந்ததும் தானாக ஓடும் .bashrc கோப்பில் ஒரு வரி சேர்த்தேன்: ‘வாங்க, வாங்க. காபி குடிச்சீங்களா?’ கீழே போடலாம்தான். ஆனால் வாசலில் விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தபிறகா கூப்பிடுவது? முதல் வரியிலேயே போட்டேன்.

பிப்ரவரி 12
ஆபீஸ் முழுக்க அதே பேச்சு. சந்தோஷமாக இருக்கிறது.

மார்ச் 4
கலீல் அண்ணன் தன் புதுப் பம்பின் வரைபடத்தைப் பென்டிரைவிலும் வைத்துக்கொள்கிறார். அவரே யோசித்து உருவாக்கும் முதல் பம்ப், அந்தப் பயம். மாடியிலுள்ள பேக்கப் இயந்திரம் தினமும் தானாக நுழைந்து எல்லாவற்றையும் நகலெடுக்கிறது, இது எதற்கு என்றேன். “நீங்க சொன்னாச் சரிங்க” என்று பென்டிரைவை அழித்து மகளுக்குக் கொடுத்துவிட்டார்.

ஏப்ரல் 2
சர்வர் டிஸ்க் போய்விட்டது. பதற்றமில்லை, நகல் இருக்கிறது.

சாயங்காலம் — நகல் இல்லை. பிப்ரவரி 10-ஓடு நிற்கிறது.

ஏப்ரல் 3
மாடி இயந்திரம் தினமும் ஒரே புகாரை எழுதி வைத்திருக்கிறது: ‘உங்கள் ஷெல் சுத்தமாக இருக்கிறதா?’ நுழையும் இடத்தில் வேண்டாத பேச்சு ஏதோ வருகிறது என்று அர்த்தம். நான் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

மனிதர் நுழைந்தாலும் இயந்திரம் நுழைந்தாலும் அந்தக் கோப்பு ஓடும். அதனால்தான் அதன் தலையில், எதிரே ஆள் இல்லையென்றால் இத்தோடு நிறுத்து என்று ஒரு சோதனை இருக்கிறது. நான் அதற்கும் மேலே ‘வாங்க’ போட்டுவிட்டேன். கோப்புகளுக்குக் காத்திருந்த இயந்திரத்திடம் போய்க் காபி குடித்தாயா என்று கேட்டிருக்கிறேன். அது குழம்பி, வந்த வழியே திரும்பியிருக்கிறது.

இதெல்லாம் தெரிஞ்சவதானே நான்? எப்படி இப்படிச் செஞ்சுபோட்டேன்?

ஏப்ரல் 4
எல்லாவற்றையும் கலீல் அண்ணனிடம் சொன்னேன். திட்டியிருந்தால் தேவலை.

“உடுங்க அம்மணி, மறுபடி போட்டுக்கலாம். தண்ணியத் தள்ற எறக்கையோட அந்தக் கடைசி வளைவு எப்புடி வந்துச்சுன்னுதான் நெனப்புக்கு வரமாட்டீங்குது.”



ஏப்ரல் 9
வரவேற்பை .bash_profile என்ற வேறு கோப்புக்கு மாற்றினேன். ஆள் உள்ளே வந்தால் மட்டும் பேசும். எடுத்தே விட்டிருப்பேன், அவர்தான் வேண்டாம் என்றார். பேக்கப்பை என் கையாலேயே ஓட்டிப் பார்த்தேன். ஓடுகிறது.

மே 20
கலீல் அண்ணன் புதிதாக வரைந்த பம்ப் சோதனைக்குப் போய் வந்தது. ஓடுகிறது, ஆனால் அவர் நினைத்த அளவு தண்ணீர் ஏற்றவில்லை. அந்த வளைவு வரவே இல்லை.

இன்று அவர் மேசைக்குப் போனேன். உட்காருவதற்குள் “வாங்க செல்வி” என்று காபி வரவழைத்தார். நேற்றைய நகல் முழுதாக வந்திருப்பதை அவருக்குக் காட்டினேன்.

“ரொம்பச் சந்தோசமுங்க” என்றார். சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரிலிருந்து ஒரு புதுப் பென்டிரைவை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

நான் பார்க்காததுபோலக் காபியைக் குடித்தேன்.