சப்தமியில் ஏற்றிய மின்கலங்கள்

சப்தமி, காலை 6.10
நிலவு நிலையம். எழுதுவது இசக்கி, மின்கலப் பொறியாளர். இங்கே நான் ஒருத்திதான். லித்தியம் செல் முப்பதும் நலம். நாளை மாலை சூரியன் மறையும். மறுபடி விடிய இரண்டு வாரம். அதுவரை ஹீட்டர் ஓடுவது இந்தச் செல்களில்தான். நாளை வரை மெதுவாக ஏற்ற வேண்டும். மெதுவாக ஏற்றினால் லித்தியம் தோசைமாவு மாதிரி சமமாகப் பரவும். அவசரப்பட்டால் ஊசி ஊசியாக முளைத்து, செல்லின் இரு பக்கத்தையும் பிரிக்கும் நடுத்தாளைக் குத்தும். குத்தினால் செல் செத்தது; சூடேறினால் தீயே பிடிக்கும்.

சப்தமி, காலை 7.40
இயக்குநர் சபாநாயகம் பூமியிலிருந்து: "நாளைக்கு அஷ்டமிம்மா, அடுத்து நவமி. திறப்பு விழாவை இன்னிக்கே வச்சிருவோம். பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள திரையில நூறு சதவீதம் காட்டணும்."
மறுத்தேன். கீழே இருந்தபடியே ஏற்றும் வேகத்தைக் கூட்டிவிட்டார்கள்.

அஷ்டமி, இரவு
சூரியன் போனது. பதினொரு செல்லும் போனது. உதவி கேட்டேன். சபாநாயகம்:
"விழா அமர்க்களம். உங்க பங்கு ஜாங்கிரி ஃப்ரிட்ஜ்ல இருக்கு. விண்கலம் தயார்தான், ஆனா அஷ்டமி நவமியில கிளப்ப வேண்டாம்னு பார்க்கறோம். தசமி காலையில அனுப்பறோம்."
நான் உட்கார்ந்திருக்கும் நிலா அவர்களுக்குப் பாதியாகத் தெரிகிறது, அவ்வளவுதான் அஷ்டமி. அதற்குப் பயந்து நிலாவுக்கு வரமாட்டார்களாம். 

நவமி
ஹீட்டரைப் பாதியாக்கினேன். செத்த செல் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிற ஊசிகள். இவை முளைக்கக் கூடாதென்றுதான் ஐந்து வருஷம் உழைத்தேன். மேற்பூச்சு சரி, அழுத்தம் சரி. பஞ்சாங்கத்தை மட்டும் சோதிக்காமல் விட்டுவிட்டேன்.

தசமி
கலம் கிளம்பிவிட்டது. ஓட்டி வருவது அமலி. என்னிடம் திட்டு வாங்கியே வேலை பழகியவள். வீட்டில் இரண்டு வயசுப் பிள்ளை.
சபாநாயகம்: "கலத்துலயும் உங்க செல்தான். காலியா கிடந்துச்சு. நல்ல நேரத்துக்குள்ள சட்டுன்னு ஏத்திட்டோம், கவலைப்படாதீங்க."
கத்தினேன். பாதியில் மின்சாரம் போதாமல் என் ஒலிபரப்பி அணைந்தது. மற்றவையும் ஊசி குத்தி ஒவ்வொன்றாகச் செத்து, மிச்சம் நான்கு செல். இனி கேட்கலாம், பேச முடியாது.

ஏகாதசி
கீழே பேசிக்கொள்கிறார்கள்: "மேடம் கோபத்துல பேசாம இருக்காங்க போல. விடுங்க, வந்ததும் சமாதானம் பண்ணிக்கலாம்."
பாவிகள். குளிரில் பென்சில் நழுவுகிறது.

துவாதசி
இரண்டு செல். விரல் மரத்துவிட்டது.
அமலி கூப்பிடுகிறாள்: "அக்கா, கிட்ட வந்துட்டேன். மூணாவது செல் கொஞ்சம் சுடுது. கழட்டிடவா, அப்படியே விடவா?"
கழற்று.
"அக்கா, கேக்குதா?"
கழற்று அமலி. கழற்றுடீ. எழுதத்தான் முடிகிறது
"தப்புன்னா இந்நேரம் திட்டித் தீர்த்திருப்பீங்க. அப்ப சரி, விட்டுடறேன்."