இரண்டு மணிச் சூடு

3 மார்ச் 1943
ஆண்டை ஜப்பான் கணக்குப்படி 2603 என்று எழுத வேண்டுமாம். இது என் நாட்குறிப்பு, 1943 தான்.

பிற்பகல் இரண்டு மணிக்கு 93 டிகிரி ஃபாரன்ஹீட். மலாயாவின் இந்த ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக 1921 முதல் தினமும் அதே நேரத்தில் வெப்பமானியைப் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன். முதல் பத்து வருட மார்ச் சராசரி 91.2. கடைசிப் பத்து வருடம் 92.1. பீடோர்ப் பக்கம் காடு அழித்ததாலா? இல்லை, பேராக் மாநிலம் முழுவதுமே சூடேறுகிறதா? இது தெரியாமல் சாகக் கூடாது.

9 மார்ச்
இனி சூட்டுக் கணக்கும் தோக்கியோ நேரப்படிதான் என்று ஜப்பான்காரத் துரை உத்தரவு. அவனுடைய இரண்டு மணி நமக்குப் பன்னிரண்டரை. அந்தச் சூடும் இந்தச் சூடும் ஒன்றா, மடையா! அவனுக்கு அவன் நேரத்தில் ஒரு கணக்கு. என் நோட்டில் பழைய இரண்டு மணியும் உண்டு.

மனைவி சந்திரமதி எங்கள் யாழ்ப்பாணப் பேச்சில் கத்தினாள்: "உங்களுக்கென்ன விசரே? தலையை வெட்டிப்போடுவாங்கள்!"

2 ஏப்ரல்
மலேரியா. எழ முடியவில்லை. ஆபீஸ் ஆள் மாயாண்டியிடம் நோட்டைக் கொடுத்தேன். "நம்ம டைம் ரெண்டு மணிதானேய்யா? நான் பாத்துக்கிறேன்லா, நீங்க படுங்க."

17 ஏப்ரல்
பதினைந்து நாளும் எழுதியிருக்கிறான். எண்கள் கோணல். ஒன்றுகூடத் தவறவில்லை.

22 ஏப்ரல்
ரேடியோ தேடி வந்த சிப்பாய்கள் நோட்டை எடுத்தார்கள். இரண்டு நேரம், இரண்டு வரிசை எண்கள். காட்டில் ஒளிந்து ஜப்பானை எதிர்ப்பவர்களுக்கு ரகசியச் செய்தியாம். சூடு என்றேன். துப்பாக்கிக் கட்டை வாயில் இறங்கியது. இரண்டு பல் போயிற்று.

ஒரு சிப்பாய் கோணல் எழுத்தைக் காட்டி, இது யார் எழுதியது என்றான். கட்டையை மறுபடி ஓங்கினான். அடி விழவில்லை. விழுவதற்குள் மாயாண்டி பெயரைச் சொல்லிவிட்டேன்.

அவனை வராந்தாத் தூணில் கட்டினார்கள். முதலில் பிரம்பு, பிறகு பூட்ஸ். முகம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. "ஐயா, நீங்க சொல்லுங்கய்யா, சூடுதான்னு!"

நான் சொல்லவில்லை. ஐயோ, நான் என்ர வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனான். ஏன் நிண்டனான்?

23 ஏப்ரல்
காலையில் மாயாண்டி செத்துப்போனான்.

27 ஏப்ரல்
துரை நோட்டைப் புரட்டிப் பார்த்து, வெறும் சூட்டுக் கணக்குத்தான் என்று சிப்பாய்களிடம் சொன்னானாம். நோட்டு மேசைக்குத் திரும்பிவிட்டது. நாசமாய்ப் போவான்கள். நானும்தான்.

8 மே
மாயாண்டியின் மனைவி ராக்காயி ஆபீசுக்கு வந்தாள். எல்லோரும் பார்க்க என்னைக் கன்னத்தில் அறைந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. நானும் நகரவில்லை.

"எம்புருசன் எழுதுன தாளக் குடுங்க. அவரு கையால எழுதுனது வேற ஒன்னும் எங்கிட்ட இல்ல."

அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரித்துக் காட்டினேன். கோணல் எண்களை விரலால் தடவிப் பார்த்தாள்.

நகல் எடுத்துக்கொண்டு கொடுக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்புக்கே இன்னோர் அறை வாங்கியிருக்க வேண்டும். கிழித்துக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 2 முதல் 16 வரை சூடு எவ்வளவு என்று இனி எனக்குத் தெரியாது.