கோட்டைக் கரையும் நான் சொன்ன முனியும்

12.6.2004

பழைய பாளையத்தார் மாளிகை இடிந்து எத்தனையோ காலம். சுற்றி வெட்டிய அகழியில் தெற்குப் பக்கம் மட்டும் பாக்கி, அதை ஒட்டி ஆள் உயர மண்கரை. உடையார்பாளையம் சுற்று வட்டாரத்தில் இப்படி வேறு கிடையாது. நான் பார்த்தவரை கிடையாது.

அக்காள் மகன் அன்பழகன் அந்த நிலத்தை வாங்கியிருக்கிறான். கரையைத் தள்ளி அகழியை மூடி முந்திரி போடப்போகிறானாம். அந்தக் கரையில்தான் என் பாட்டனார் தனி ஆளாக நின்று நாற்பது குதிரையை விரட்டினார் என்றேன்.

"போன வருசம் இருபதுன்னீங்க மாமா."

கணக்குப் பார்க்கிற வயசா இவனுக்கு?

14.6.2004

பொக்லைன் வந்துவிட்டது. ஓட்டுகிறவன் கொளஞ்சி. கரைமேல் ஏறி நின்றுகொண்டேன். குதிரைக் கதைக்கு அசையவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "உள்ள முனி இருக்குடா. இரும்பு பட்டா ஓட்டுறவனத்தான் மொதல்ல கேக்கும்."

எஞ்சினை அணைத்தான். எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, வந்த வழியே போய்விட்டான்.

கலெக்டரே வந்திருந்தாலும் இதைச் செய்திருக்க முடியாது.

2.8.2004

கரைமேல் மூன்று செங்கல், மஞ்சள் பூசி. யார் வைத்தது?

9.8.2004

அன்பழகன்தான். மாட்டுக்குக் காய்ச்சலாம், வேண்டிக்கொண்டானாம், தெளிந்துவிட்டதாம்.

23.1.2005

ஊர்க்கூட்டம். முனிக்குக் கோயில் கட்டுகிறார்கள். அன்பழகன் இடத்தையே எழுதிக் கொடுக்கிறான். "கரைய மட்டம் பண்ணி பள்ளத்த மூடிட்டா, பொங்க வைக்க தாராளமா எடம் கெடைக்கும் மாமா."

எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், முனியும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் கட்டிவுட்ட கதைடா அது."

யாரும் கோபப்படக்கூட இல்லை. கொளஞ்சி கையைக் கட்டிக்கொண்டு சொல்கிறான்: "ஒங்களுக்கு என்னங்க தெரியும்? ஒங்க வாயில வந்து பேசுனதே அதுதான்."

குதிரையை நம்பாத பயலுவ. இதைப் போய்—

6.2.2005

கொளஞ்சியே வந்து கரையைத் தள்ளினான். வாடகை வேண்டாமாம், வேண்டுதலாம். மத்தியானத்துக்குள் அகழி இல்லை.

நான் போகவில்லை. கூரைமேல் ஏறிப் பார்த்தேன்.

27.5.2005

கோயில் திறப்பு. முதல் மாலை எனக்கு. என் பெண்டாட்டி செல்வம்மாள் முழங்கால் வலிக்கு விளக்குப் போட்டாள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஜெயங்கொண்டத்திலிருந்து வந்தவர் ஒருவர் கேட்டார், "கோயிலுக்கு முன்னாடி இங்க என்னங்க இருந்துச்சு?"

"ஒரு பள்ளம்" என்றேன்.